ஒரு கம்பி கீழே இருக்கட்டும்

என் கை சும்மா இருப்பதில்லை. தண்ணீர்க் குழாயைத் திருகுகிறேன். கேஸ் அடுப்பின் குமிழைத் திருகுகிறேன். ஃபேன் ரெகுலேட்டரை இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிறுத்தப் பார்க்கிறேன்.

"அது இன்னா புருடையா? கைய எடுய்யா" என்கிறாள் என் மனைவி புஷ்பம்.

புருடை என்றால் வாத்தியத்தில் கம்பியை ஏற்றி இறக்குகிற திருகு. அதைத் திருகுவதுதான் என் வேலையாக இருந்தது. இப்போது வேலை இல்லை.

பங்குத் திருவிழா மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி இளைஞர் குழுப் பிள்ளைகள் வந்தார்கள். சிரிப்பாக இருக்க வேண்டுமாம். கூட வந்த ஒரு பெண் கிடார் வாசிக்கிறாள். ஃபோனைக் கிடாருக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். கம்பி சரியாக இருந்தால் பச்சை விளக்கு எரிகிறது. தப்பாக இருந்தால் சிவப்பு.

"காது போனாலும் இனிமே கவலை இல்லீங்க தாத்தா" என்றாள்.

அவள் தெரிந்து சொல்லவில்லை. ஆனால் மற்றப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இந்த ஊரில் எனக்குக் 'காது போன சூசை' என்று பெயர். கம்பி கட்டுகிறவனுக்குக் காது போச்சு என்றால், வண்டி ஓட்டுகிறவனுக்குக் கண் போச்சு என்ற மாதிரி. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று எழுதுகிறேன். என்னை மேடைக்குக் கூட்டிப்போன கஸ்பார் அண்ணனின் மகள் ரெஜினாவிடம் கேட்டுவிட்டேன். "எழுதுங்க சித்தப்பா" என்றது.

நான் எட்டாவது வரை படித்தேன். பிறகு அப்பாவோடு உப்பளத்தில் உப்பு வாரினேன். அப்போதுதான் நம் கோயில் திருவிழாவுக்குக் கஸ்பார் அண்ணனின் கலகலப்புக் குழு வந்தது. அண்ணனுக்கு ஊர் அனுமந்தை. பழைய தந்தி வாத்தியங்களை எங்கெங்கிருந்தோ சேர்த்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார். கொஞ்சம் வாசிப்பார். நிறையப் பேசுவார். ஜனம் சிரிக்கும். பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். முதலில் பெட்டி தூக்கினேன். பிறகு பெட்டியைத் திறந்தேன். பிறகு கம்பி கட்டினேன். படிப்பு அவ்வளவுதான்.

பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார் என்ன வேலை என்று கேட்டார். எனக்கு முன்னால் அண்ணன் சொல்லிவிட்டார்.

"மாப்ள கம்பி எண்றாரு."

மாமனார் எழுந்துவிட்டார்.

"உக்காருங்க. ஜெயில்ல இல்ல, மேடையில. எங்கிட்ட இருந்த ஆளுங்க எல்லாம் கம்பி நீட்டிட்டானுங்க. இவன் ஒருத்தன்தான் கம்பியக் கட்டிக்கினு கெடக்குறான். உங்க பொண்ணையும் அப்படித்தான் கட்டிப்பான்."

உள்ளே புஷ்பம் சிரித்த சத்தம் கேட்டது. கல்யாணம் முடிவாயிற்று.

அண்ணனுக்கு ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு பேச்சு உண்டு. கோட்டுவாத்தியத்தை எடுத்தால், "கோட்டு வாத்தியார்னு கேட்டு நம்ம பள்ளிக்கூடத்து சாரு நேத்தே கோட்டு தைக்கக் குடுத்துட்டாரு" என்பார். புல்புல்தாராவில் டைப் மெஷின் மாதிரி கட்டைகள் இருக்கும். "இதுல மனு அடிச்சி அனுப்பலாம். வேலை நடக்காது, ஆனா ஆபீசரு அழுவாரு." பிறகு, "தாரான்னா வாத்துதானே, பிரியாணி போடலாமான்னு கேக்குறான் ஏழுமலை" என்பார். ஏழுமலை எங்கள் தபலாக்காரன். டெம்போவும் அவன்தான் ஓட்டுவான். யாழ் ஒன்று இருந்தது. அதைப் படம் பார்த்து அனுமந்தைப் படகு ஆசாரி செய்து கொடுத்தார். "இது யாழு. யாருன்னு கேக்காதீங்க, யாழு. படகு ஆசாரி செஞ்சதால கரையில நிக்காது. வாசிக்க ஆரம்பிச்சா கெளம்பிடும், புடிச்சிக்கோங்க."

என்னையும் விடமாட்டார். "இவரு தந்திக்காரரு. தந்தி ஆபீஸை மூடிட்டாங்க, இவர மூட மறந்துட்டாங்க. புருடை திருகுறது இவரு. புருடா உடுறது நானு."

நான் மேடையில் பேசமாட்டேன். அது மேடை ஏறிய முதல் நாளே அப்படி ஆகிவிட்டது. மேடையில் திடீரென்று, "ஏம்பா சூசை, சாப்டியா?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. மடியில் கோட்டுவாத்தியம் இருந்தது. ஒரு மீட்டு மீட்டினேன். ஜனம் சிரித்தது. "இன்னா கொழம்பு?" என்றார். அந்த வாத்தியத்தில் வீணை மாதிரி மெட்டுக் கட்டைகள் கிடையாது, மரத்துண்டை வைத்துக் கம்பிமேல் இழுத்து வாசிக்க வேண்டும். மேலிருந்து கீழே இழுத்தேன். அழுகிற மாதிரி கேட்டது. "கருவாடு தீஞ்சிப்போச்சாம்" என்றார் அண்ணன். அதற்கு இன்னும் சிரித்தது.

இறங்கி வந்ததும் சொன்னார். "டேய், இனிமே மேடையில நீ பேசக் கூடாது. நீ என்னைக்கு வாயத் தொறக்கிறியோ அன்னைக்கே கடைய மூடிடலாம்."

அதிலிருந்து கேட்டதற்கெல்லாம் கம்பியில்தான் பதில். என்னைப் பிறவி ஊமை என்று நினைத்தவர்கள் உண்டு. பூசைக்குப் பிறகு ஒரு அம்மா எனக்காக ஜெபம் செய்ய வந்தார். "பேசுவேம்மா" என்றேன். பயந்துபோனார்.

இந்தக் கரையில் கம்பி கட்டுவது லேசு இல்லை. காலையில் தரைக்காற்று, மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று. கடல்காற்றில் உப்பு இருக்கிறது. இரும்புக் கம்பி ஒரு வாரத்தில் சிவந்துவிடும். மரம் ஊதிப்போய்ப் புருடை மாட்டிக்கொள்ளும். இல்லையென்றால் வழுக்கும். மாட்டினால் சோப்பு, வழுக்கினால் சாக்பீஸ். இரண்டும் என் சட்டைப்பையில் இருக்கும்.

ஒரு ஊருக்குப் போனதும் பெட்டியைத் திறந்து வைத்துவிட வேண்டும். உடனே தொடக் கூடாது. அந்த ஊர்க் காற்றை அது குடிக்கட்டும் என்பார் அண்ணன். பிறகு ஒவ்வொரு கம்பியையும் உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் தொட்ட துணியால் ஒரு இழுப்பு. கடைசியில்தான் சுருதி. நிகழ்ச்சி முடிந்ததும் எல்லாக் கம்பியையும் தளர்த்தித்தான் பெட்டியில் வைக்க வேண்டும். இறுக்கமாக வைத்தால் மரம் வளைந்துவிடும். "வேலை முடிஞ்சா மனுசனே பெல்ட்ட கழட்டுறான்" என்பார்.

நான் சுருதி சேர்த்து முடித்ததும் அண்ணன் வருவார். வாத்தியத்தைப் பார்க்கமாட்டார். எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, துண்டை மடித்துக்கொண்டே, "ம்" என்பார். நான் ஒவ்வொரு கம்பியாக மீட்டுவேன். சரியாக இருந்தால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். மயிரளவு தப்பு இருந்தால் துண்டு நின்றுவிடும். "பக்கத்து வீட்டுக்காரன் வந்துருக்கான்டா" என்பார். கூப்பிட்ட சுரம் வரவில்லை, பக்கத்துச் சுரம் வந்திருக்கிறது என்று அர்த்தம். நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எதிர்பார்த்ததும் இல்லை. துண்டு தோளுக்குப் போனால் போதும்.

அப்படியே வருஷங்கள் போயின. தலை நரைத்தது. டெம்போ மாறியது. ஏழுமலை மாறவில்லை.

கிளியனூரில் ஒரு கல்யாண வரவேற்பு. அண்ணன் யாழைத் தூக்கிப் பிடித்தார். "இது" என்றார். நின்றார். மறுபடி, "இது வந்து" என்றார். முதலில் ஜனம் சிரித்தது. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம், புதுசாக ஏதோ செய்கிறார் என்று. நான் அவர் கண்ணைப் பார்த்தேன். கையில் இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை.

ஏழுமலை தபலாவில் ஒரு உருட்டு உருட்டினான். பலன் இல்லை. சத்தம் ஏதாவது வரட்டும் என்று நான் மடியில் இருந்த கோட்டுவாத்தியத்தை மீட்டினேன். அன்றைக்கு ஈரக்காற்று. ஒரு புருடை தானாக வழுக்கியிருந்தது. கம்பி கண்றாவியாகக் கத்தியது.

அண்ணன் சட்டென்று திரும்பினார்.

"யாருடா அது? பக்கத்து வீட்டுக்காரன் பொண்டாட்டி புள்ளைங்களோட வந்து எறங்கிட்டான்! டேய், யாழுடா இது! இதப் பக்கத்துல வெச்சிக்கினு அந்தச் சத்தத்த எழுப்புறியே! அந்தக் காலத்து ராஜாவுக்கு நீ கம்பி கட்டியிருந்தா, எதிரி படையே வேணாம்டா, அரமனைய அவரே காலி பண்ணிக்கினு போயிருப்பாரு!"

கொட்டகை அதிர்ந்தது. அதற்குப் பிறகு அவர் நிற்கவே இல்லை. பழைய ஆளாக முடித்துக் கொடுத்தார்.

மேடையில் என் கம்பி தப்பியது அதுதான் முதல் தடவை. ஆனால் ஒன்று தெரிந்துவிட்டது. பேர் மறக்கலாம், பேச்சு மறக்கலாம், அண்ணனின் காது மறக்கவில்லை. தப்பு சுரம் கேட்டால் அது அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது.

அடுத்த மாதமே இரண்டு தடவை நின்றார். இரண்டு தடவையும் நான் ஒரு புருடையைக் கொஞ்சம் இறக்கி மீட்டினேன். இரண்டு தடவையும் திரும்பினார், திட்டினார், தேறினார்.

அப்புறம் அதுவே என் வேலையாகிவிட்டது. கோட்டுவாத்தியத்தின் ஒரு கம்பியை எப்போதும் இறக்குவதற்குத் தயாராக வைத்திருப்பேன். அந்தப் புருடைக்குச் சாக்பீஸ் போடமாட்டேன். அவர் உதடு நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். முன்பெல்லாம் மேடையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தவன், இப்போது காலில் எறும்பு ஏறுகிற மாதிரி இருப்பேன். ரொம்பச் சீக்கிரம் இறக்கினால் நல்லா ஓடுகிற பேச்சைக் கெடுத்துவிடும். தாமதித்தால் ஜனத்துக்குத் தெரிந்துவிடும். நன்றாகக் கட்டுவதைவிடத் தப்பாகக் கட்டுவது கஷ்டம்.

ஜனம் என் தப்புக்குச் சிரித்தது. பிறகு டீக்கடையில் பேசியது. சூசைக்குக் காது போய்விட்டது, பாவம், கஸ்பார் பழைய விசுவாசத்துக்காக வைத்துக்கொண்டு மேய்க்கிறார். பாண்டிச்சேரியில் ஒரு வாத்தியக் கடைக்காரர், வயதான காலத்தில் டெம்போவில் அலைய வேண்டாம், என் கடையில் உட்கார்ந்து கம்பி மாற்று என்று சொல்லி வைத்திருந்தார். அவர் ஃபோன் செய்தார்.

"தப்பா எடுத்துக்காத சூசை, கடைக்கு வேற ஆளப் பாத்துட்டேன். காது டாக்டர யாரையாவது பாரு."

புஷ்பத்துக்குப் பொறுக்கவில்லை.

"ஊரே சிரிக்குது. வாயத் தொறந்து சொல்லேன்யா, வேணும்னுதான் பண்றன்னு."

"சொன்னா அண்ணன் பேரு போயிடும்."

"உன் பேரு போலாமா?"

"மேடையில வாயத் தொறக்கக் கூடாது."

"டீக்கடை இன்னா மேடையா?"

எழுந்துபோய் வாசல் கேட்டின் நட்டைத் திருகினேன்.

எங்கள் வீட்டுக்கு வெளியே ரெஜினாவுக்கும் ஏழுமலைக்கும் மட்டும் தெரியும். ரெஜினா கிளியனூரில் டீச்சர். அப்பாவை டாக்டரிடம் காட்டியிருந்தது. ஞாபகம் இனிமேல் குறையத்தான் செய்யும், திரும்பாது என்று சொல்லிவிட்டார்களாம்.

"நிறுத்திடலாம் சித்தப்பா. மேடையில வெச்சி அவமானப்படக் கூடாது."

"வீட்ல எப்படி இருக்காரு?"

"நான் சாப்ட்டேனான்னு எங்கிட்ட கேக்குறாரு. மேடை இருக்குற அன்னைக்கு மட்டும் காலைலயே ஷேவிங் பண்ணிக்கிறாரு."

நான் சொன்னேன்.

"கம்பிக்குத் திரும்புற வரைக்கும் ஓட்டலாம்மா. என்னைக்குத் திரும்பலையோ அன்னைக்கு நிறுத்திடலாம்."

ரெஜினா சரி என்றது. அதிலிருந்து எல்லா நிகழ்ச்சிக்கும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துகொள்ளும்.

இடையஞ்சாவடியில் ஒரு நிகழ்ச்சி. வெள்ளைக்காரர்களும் வந்திருந்தார்கள். முடிந்ததும் ஒரு வெள்ளைக்காரம்மா மேடைக்கு ஏறி வந்தார். கையில் ஃபோன். தமிழ் பேசினார்.

"ஐயா, ஒரு கம்பி மட்டும் கீழே இருக்குது. பாருங்க, சிவப்பு. நான் உதவி பண்ணட்டுமா?"

"வேணாம்மா. அது கீழதான் இருக்கணும்."

"அப்படியா? எந்த ராகத்துக்கு?"

"எங்க அண்ணனுக்கு."

அவர் யோசித்துக்கொண்டே இறங்கிப் போனார். பின்னால் நின்ற ஏழுமலை, "புது ராகம்னு எழுதிக்கப் போவுது அந்தம்மா" என்றான். சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு டெம்போவைத் துடைக்கப் போனான்.

அன்று திரும்பும்போது உப்பளத்துப் பக்கம் வண்டி நின்றது. ஏழுமலை ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற இறங்கினான். அண்ணன் வெளியே உப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா சூசை, உனக்குக் காது போச்சா?"

"போச்சுண்ணே."

"எப்போ?"

"கொஞ்ச நாளா."

என் முகத்தையே பார்த்தார். அவரிடம் பொய் சொல்லி நிற்க முடியாது. கண்ணை எடுத்துக்கொண்டேன்.

"எனக்கு இன்னா போச்சு? அதச் சொல்லு."

நான் சட்டைப்பையில் இருந்த சாக்பீஸைத் திருகினேன். அவரே சொன்னார்.

"சரி வுடு. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு ஆளு தேறும்."

அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கடைசி நிகழ்ச்சி அனுமந்தைக் கோயில் திருவிழாவில். அவர் சொந்த ஊர். மாலைப் பூசை முடிந்து வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டோம். கடல்காற்று பலமாக இருந்தது. பெட்டியைத் திறந்து வைத்தேன். துடைத்தேன். சேர்த்தேன். அண்ணன் முதுகைக் காட்டி நின்று கேட்டார். துண்டு மடங்கிக்கொண்டே இருந்தது. தோளுக்குப் போகவில்லை. கையில் வைத்துக்கொண்டே போய்விட்டார்.

நன்றாகத்தான் ஆரம்பித்தார். "எத்தனை கட்டையில பாடுவேன்னு கேப்பாங்க. இப்போதைக்கு அஞ்சு கட்டை. கடைசியில ஒரே கட்டைதான், நாலு பேரு தூக்குவாங்க." ஜனம் கைதட்டியது. சொந்த ஊர் ஜனம். தம்பூராவை எடுத்தார். அதில் கம்பியை நுணுக்கமாக ஏற்றி இறக்க மணிகள் கோத்திருக்கும். "மணி இன்னாடா சூசை?" என்றார். நான் மணியைக் கொஞ்சம் நகர்த்தினேன். "மணி சரியா இருக்குது, மனுசன்தான் லேட்டு" என்றார். அதுவும் வந்தது.

பிறகு யாழை எடுத்தார். அதைச் செய்த படகு ஆசாரியின் மகன்களும் மருமகள்களும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காத்திருந்த பேச்சு அது.

"இது" என்றார்.

நின்றார்.

நான் புருடையை இறக்கி மீட்டினேன். திரும்பவில்லை.

இன்னும் இறக்கினேன். கம்பி தொளதொள என்று ஆகிவிட்டது. மீட்டினேன். பின்வரிசையில் யாரோ, "யோவ், கம்பிய இழுத்துக் கட்டுய்யா!" என்று கத்தினான். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அண்ணனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி மீட்டினேன். காக்காய்க்குக்கூடத் தெரிந்திருக்கும், அவ்வளவு தப்பு. ஏழுமலை தபலாவிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

அப்போது அண்ணன் மெதுவாகத் திரும்பினார். கோபம் இல்லை. தோளில் கைபோடுகிறவர் மாதிரி ஒரு சிரிப்பு. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சுதி நல்லா சேந்துருக்குதுடா சூசை" என்றார். மைக்கில் ஊருக்கே கேட்டது.

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பதிலுக்குக் காத்திருந்தார். கம்பியில் பதில் சொல்லலாம் என்றால், அந்தக் கம்பியில் என்ன சொன்னாலும் அது பதில் ஆகாது, கேலியாகிவிடும்.

"ஆமாண்ணே. சேந்துடுச்சு" என்றேன்.

கோயில் மைதானமே வெடித்தது. பேசாத சூசை பேசிவிட்டான். அதுவும் அந்தக் கம்பியை வைத்துக்கொண்டு சேர்ந்துவிட்டது என்கிறான். எங்கள் குழுவுக்கு அப்படி ஒரு கைதட்டல் அதற்கு முன்னால் விழுந்ததில்லை. ஆசாரி வீட்டு மருமகள் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஜனம் சிரிப்பதைப் பார்த்து அண்ணனும் சிரித்தார். யாழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக் கும்பிட்டார்.

முதல் வரிசையில் ரெஜினா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேடைப் படியில் ஏறி வந்தது. "வாங்கப்பா, போலாம்" என்று கையைப் பிடித்தது. "முடிஞ்சிடுச்சா?" என்றார். "நல்லா முடிஞ்சிடுச்சுப்பா" என்றது. கைதட்டல் நடுவிலேயே இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள்.

நான் உட்கார்ந்த இடத்திலேயே அந்தக் கம்பியை ஏற்றினேன். கைதட்டலில் காதில் விழவில்லை. குனிந்து, காதை மரத்தில் வைத்துக் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், பிறகு வீட்டுக்காரன் வந்தான். நிறுத்தினேன்.

ஏழுமலை பெட்டியைத் திறந்து பிடித்தான். "தளத்தலையா?" என்று கேட்டான்.

அன்று மட்டும் தளர்த்தாமல் வைத்து மூடினேன்.